ரப்பி ஷெர்கில்: இசைக்குழுவுக்குப் பின்

ரப்பி ஷெர்கில் (இயற்பெயர்: குர்ப்ரீத் சிங் ஷெர்கில், பிறப்பு: ஏப்ரல் 16, 1973) டெல்லியைச் சேர்ந்த பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், கிதார் கலைஞர். பஞ்சாபி நாட்டார் பாடல் வடிவங்களையும் சூஃபி கவிதைகளையும் ராக் இசையோடு இணைத்துப் பாடியவர். 'காஃபிர்' என்ற ராக் குழுவில் தொடங்கி, அது கலைந்தபின் தனிப் பாடகரானார். 2004-ல் வெளியான 'ரப்பி' என்ற முதல் இசைத்தொகுப்பும் அதில் இடம்பெற்ற 'புல்லா கீ ஜாணா' என்ற பாடலும் அவரை இந்தியா முழுவதும் அறியச் செய்தன. திரைப்படத்தைச் சாராமல் இந்திய மொழி ஒன்றில் பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி வாழ முடியுமா என்ற கேள்விக்கு அவருடைய இசை வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. முடியும் என்பதற்கும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கும்.

பின்புலம்

ரப்பியின் தந்தை சீக்கியச் சமயச் சொற்பொழிவாளர். தாய் கல்லூரி முதல்வராக இருந்தவர், பஞ்சாபியில் கவிதை எழுதியவர். மூத்த சகோதரி ககன் கில் இந்தியின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர். 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றவர். இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மா அவருடைய கணவர். பஞ்சாபி என்றாலே கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டு என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்திருந்த காலத்தில், அந்த மொழியின் பழைய கவிதைகள் ரப்பிக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. பிற்காலத்தில் அவர் எடுத்தாண்ட பாடல்களைப் புரிந்துகொள்ள இந்தப் பின்புலம் உதவும்.

காஃபிர்

1988 செப்டம்பர் 30 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு மனித உரிமைப் பிரகடனத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி உலகின் பல நகரங்களில் நடத்திய தொடர் நிகழ்ச்சிகளில் ஒன்று அது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்டூர் ஆகியோர் பாடினர். பார்வையாளர்களில் ஒருவராக இருந்த ரப்பிக்கு அப்போது வயது 15. ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சியே தன்னை ராக் இசையின் பக்கம் திருப்பியது என்று அவர் கூறியிருக்கிறார். உழைக்கும் எளிய மனிதர்களின் கதையை அவர்கள் பேசும் மொழியிலேயே ராக் இசையில் சொல்பவர் ஸ்பிரிங்ஸ்டீன் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கல்லூரிக் காலத்தையொட்டி நண்பர்களோடு சேர்ந்து ரப்பி தொடங்கிய குழு காஃபிர். இறைமறுப்பாளர் எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. குழு கல்லூரி விழாக்களில் வாசித்தது. இந்தியக் கல்லூரி ராக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது. படிப்பு முடிந்தது, உறுப்பினர் ஒருவருக்குப் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது, குழு கலைந்தது. சண்டையோ கொள்கை முரண்பாடோ காரணமில்லை. மாதச் சம்பளத்தோடு போட்டியிடும் வலு அன்றைய ராக் இசைக்கு இல்லை என்பதுதான் காரணம்.

குழு என்பது சேர்ந்து வாசிப்பவர்களின் கூட்டம் மட்டும் அல்ல. ஒலிபெருக்கி வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருக்கும். பயிற்சிக்கு யாராவது ஒருவர் வீட்டு மாடி கிடைக்கும். பாட்டு சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் ஒருவர் இருப்பார். அது கலைந்தபின் பாடகரிடம் மிஞ்சுவது குரல், ஒரு கருவி, சொந்தப் பாடல்கள். ரப்பியின் பிற்காலப் பாடல்களில் ஒலிக்கிதாரும் குரலும் முன்னால் நிற்க மற்றவை பின்னால் ஒதுங்கியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

காத்திருந்த ஆண்டுகள்

குழு கலைந்தபின் ரப்பி விளம்பரங்களுக்கு இசையமைத்துப் பிழைத்தார். யமஹா மோட்டார் சைக்கிளுக்கும் டைம்ஸ் எஃப்.எம். வானொலிக்கும் அவர் செய்த சிறு விளம்பரப் பாடல்கள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. இடையிடையே சொந்தப் பாடல்களை எழுதிச் சேர்த்தார்.

அன்றைய நிலையை இன்றைய வாசகர் கற்பனை செய்வது சற்றுக் கடினம். யூடியூப் 2005-ல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் ஒரு பாடல் மக்களைச் சென்றடைய வேண்டுமானால் இசை நிறுவனம் ஒன்று அதை ஒலிப்பதிவு செய்யச் செலவிட வேண்டும்; ஒலிநாடாவும் குறுந்தகடும் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும்; காணொலி எடுத்து எம்டிவி, சேனல் வி போன்ற தொலைக்காட்சிகளில் ஓடச் செய்ய வேண்டும். இந்த மூன்றும் நிறுவனத்தின் கையில் இருந்தன. நிறுவனம் இல்லாத பாடகர் தன் அறைக்குள் பாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1990-களில் இந்தியத் தனியிசைக்கு ஒரு குறுகிய வசந்தம் வந்தது. பாபா சேகல், அலிஷா சினாய், தலேர் மெஹந்தி ஆகியோரின் இசைத்தொகுப்புகள் பெருமளவில் விற்றன. மூன்றையும் வெளியிட்டது மேக்னாசவுண்ட் நிறுவனம். 2000-க்குப் பின் அந்த அலை வடிந்தது. பழைய இந்தித் திரைப்பாடல்களை வேகப்படுத்தித் தாளம் சேர்த்து விற்கும் 'ரீமிக்ஸ்' தொகுப்புகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. நிதானமான பஞ்சாபிப் பாடல்களோடு ரப்பி கதவு தட்டியது இந்தத் தவறான நேரத்தில்.

சோனி மியூசிக் முதலில் ஆர்வம் காட்டிப் பின்னர் விலகியது. அடுத்து தெஹல்கா அவருடைய இசைத்தொகுப்பை வெளியிட முன்வந்தது. ஆனால் 2001 மார்ச்சில் பாதுகாப்புத் துறை பேரங்களில் லஞ்சம் கைமாறுவதை ரகசியக் கேமராவில் பதிவுசெய்து தெஹல்கா வெளியிட்டது. அதைத் தொடர்ந்த நெருக்கடியில் அதற்குப் பணமில்லாமல் போனது. ஊழலை வெளிக்கொணர்ந்த ஒரு செய்திக்கும் ஒரு பாடகரின் முதல் இசைத்தொகுப்புக்கும் இப்படியொரு முடிச்சு விழுந்தது. மூன்றாவதாக மேக்னாசவுண்ட் ஒப்பந்தம் செய்தது. அந்த நிறுவனமே நொடித்துப்போனது. கடைசியில் மும்பையைச் சேர்ந்த 'ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறிய நிறுவனம் 2004-ல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ரப்பிக்கு அப்போது வயது 31.

புல்லா கீ ஜாணா

முதல் தொகுப்பின் மையப் பாடல், சூஃபி கவிஞர் புல்லே ஷா (1680–1757) எழுதிய ஒரு காஃபி. காஃபி என்பது பல்லவி திரும்பத் திரும்ப வரும் பஞ்சாபி, சிந்தி இசைப்பாடல் வடிவம். புல்லே ஷா இன்றைய பாகிஸ்தானில் உள்ள கசூரில் அடக்கமானவர். சையத் குலத்தில் பிறந்த அவர், தோட்டக்காரச் சாதியைச் சேர்ந்த லாகூர் ஷா இனாயத்தைக் குருவாக ஏற்றதற்காக உறவினரின் கோபத்துக்கு ஆளானார் என்று மரபுக் கதைகள் கூறுகின்றன.

'நான் யார் என்று எனக்குத் தெரியாது' என்பதே அந்தப் பாடலின் கரு. தான் எவையெல்லாம் அல்ல என்று கவிஞர் சொல்லிக்கொண்டே போகிறார். பள்ளிவாசலில் இருக்கும் விசுவாசி அல்ல, விசுவாசமற்றோரின் சடங்கிலும் இல்லை. மோசேயும் அல்ல, அவரை எதிர்த்த ஃபாரோவும் அல்ல. ஊர், இனம், சமயம், தூய்மை, தீட்டு என ஒவ்வொரு அடையாளமாகக் கழன்று விழுகிறது. விசுவாசமின்மையைக் குறிக்க அந்தப் பாடலில் வரும் சொல்லும், ரப்பியின் பழைய குழுவின் பெயரும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்தவை. 'காஃபிர்' என்று பெயர் வைத்துக்கொண்ட இளைஞர், பிறகு 'விசுவாசியும் அல்லேன், காஃபிரும் அல்லேன்' என்ற பொருள்பட ஒரு பாடலைப் பாடிப் புகழ்பெற்றார். தற்செயலாகவே இருக்கலாம். என்றாலும் அழகான தற்செயல்.

தமிழ் வாசகருக்கு இந்தக் குரல் அந்நியமானதல்ல. சிவவாக்கியர் முதலிய சித்தர்களும் குணங்குடி மஸ்தான் சாகிபும் இதே இடத்திலிருந்து பேசியவர்கள்தான். ஒரு வேறுபாடு உண்டு. சித்தர்கள் பெரும்பாலும் எதிரே நிற்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள். இந்தப் பாடலில் புல்லே ஷா தன்னையே கேட்கிறார். அதனால்தான் கண்டனப் பாடலுக்குரிய உரத்த குரல் இதற்குத் தேவைப்படவில்லை.

புல்லே ஷாவை ராக் இசையில் கொண்டுவந்த முதல் ஆள் ரப்பி அல்ல. பாகிஸ்தானின் ஜுனூன் குழு 1999-ல் வெளியிட்ட 'பர்வாஸ்' தொகுப்பிலேயே புல்லே ஷாவின் பாடல்கள் இருந்தன. கவ்வாலிப் பாடகர்களும் நாட்டார் பாடகர்களும் அவரைத் தலைமுறைகளாகப் பாடிவருகின்றனர். கவ்வாலியில் வரி திரும்பத் திரும்ப வந்து வேகம் ஏறும், கைதட்டல் கூடும், கேட்பவர் தன்னை மறப்பார். ரப்பி அந்த ஏற்றத்தைத் தவிர்த்தார். புதிய மெட்டு, சீரான கிதார் மீட்டல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். பரவசப் பாடல் அவரிடம் ஒரு மனிதரின் தனிமொழியாக மாறியது. மேற்கில் பாப் டிலனுக்குப் பின் வந்த நாட்டார்-ராக் பாடகர்களின் முறை இது. கூட்டத்துக்கான பாடலைத் தனி மனிதரின் குரலுக்குக் கொண்டுவருவது.

தலைப்பாகையும் தாடியுமாகக் கிதாரோடு நின்ற சீக்கியர், 18-ஆம் நூற்றாண்டு முஸ்லிம் கவிஞரின் தத்துவப் பாடலைப் பாடியது அன்றைய இசைத் தொலைக்காட்சிகளில் புதுமையான காட்சி. பாடல் நாடு முழுவதும் பரவியது. பஞ்சாபி தெரியாத ஊர்களிலும் இளைஞர்கள் அதை முணுமுணுத்தார்கள். கல்லூரி விடுதிகளில் கிதார் கற்றுக்கொள்பவர்கள் முதலில் வாசித்துப் பார்க்கும் பாடல்களில் ஒன்றாகவும் அது ஆனது.

அதே தொகுப்பின் மற்றப் பாடல்கள் இந்த ஒரு பாடலின் நிழலில் மறைந்துபோனது நியாயமல்ல. 'தேரே பின்' ரப்பியே எழுதிய காதல் பாடல். 2007-ல் அவர் இசையமைத்த 'டெல்லி ஹைட்ஸ்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. 'ஹீர்' 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வாரிஸ் ஷாவின் காவியத்திலிருந்து எடுத்தது. 'இஷ்திஹார்' இளம் வயதில் மறைந்த நவீனக் கவிஞர் சிவ்குமார் பட்டால்வியின் (1936–1973) கவிதை. காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடி விளம்பரம் கொடுப்பது போல எழுதப்பட்டது அது. 12 ஆண்டுகள் கழித்து 'உட்தா பஞ்சாப்' (2016) திரைப்படத்தில் வேறு மெட்டில் வந்தபோதுதான் பலர் அந்தக் கவிதையை அறிந்தார்கள்.

'ஜுக்னி' தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஜுக்னி என்பது பஞ்சாபி நாட்டார் பாடல் வகை. ஜுக்னி என்ற பெண் ஊர் ஊராகப் போவாள். போன இடத்தில் கண்டதைப் பாடகர் சொல்வார். வடிவம் பழையது, எந்தக் காலத்துச் செய்தியையும் அதில் ஏற்றலாம். ரப்பியின் ஜுக்னி காஷ்மீருக்குப் போகிறாள். அங்கே அன்றாடம் விழும் பிணங்களைக் காண்கிறாள். ஆட்டப்பாட்டுக்குப் பயன்பட்டுவந்த வடிவத்தை அவர் அதன் பழைய வேலைக்கே, ஊர்ச் செய்தி சொல்லும் வேலைக்கே, திருப்பி அனுப்பினார் எனலாம்.

பெயர்களைச் சொன்ன பாடல்

இரண்டாவது இசைத்தொகுப்பு 'ஆவேங்கி ஜா நஹீன்' (வருவாயா, மாட்டாயா) 2008-ல் யஷ்ராஜ் மியூசிக் வெளியீடாக வந்தது. முதல் தொகுப்பின் வெற்றிக்குப் பின் இன்னொரு சூஃபி பாடலைக் கொடுத்திருந்தால் சந்தை மகிழ்ந்திருக்கும். திரையிசையில் சூஃபி சாயலுக்கு அப்போது நல்ல மதிப்பு இருந்தது. ரப்பி இந்தத் தொகுப்பில் கொடுத்தது 'பில்கிஸ்' என்ற பாடல்.

இதற்காக அவர் பஞ்சாபியை விட்டு இந்துஸ்தானிக்கு வந்தார். பாடலின் பல்லவி, 'பியாசா' (1957) திரைப்படத்துக்காக சாஹிர் லூதியான்வி எழுதிய பாடலை நினைவூட்டுவது. இந்தியாவை எண்ணிப் பெருமைப்படுவோர் எங்கே என்று கேட்பது. சாஹிர் அந்தக் கேள்வியைப் பாலியல் தொழிலாளர்களின் தெருவில் நின்று கேட்டார். ரப்பி அதை நான்கு மனிதர்களின் பெயரால் கேட்டார்.

முதல் பெயர் பில்கிஸ் பானு. 2002 மார்ச் 3 அன்று, குஜராத் கலவரத்தின்போது, ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். மூன்று வயது மகள் உட்பட அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். இரண்டாவது பெயர் சத்யேந்திர துபே. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர். 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்தவர் மஞ்சுநாத் சண்முகம். கோலார் தங்கவயலைச் சேர்ந்த இவர் இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி. கலப்பட எரிபொருள் விற்ற பெட்ரோல் நிலையத்தின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில் கொல்லப்பட்டபோது வயது 27. நவ்லீன் குமார், மும்பையை அடுத்த பகுதியில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் போராடியவர். 2002 ஜூனில் நாலாசோப்பாராவில் குத்திக் கொல்லப்பட்டார்.

நால்வருக்கும் சமயம், மொழி, தொழில் எதுவும் பொது அல்ல. அரசு காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள், காப்பாற்றப்படாதவர்கள் என்பது மட்டுமே பொது. அவர்களை ஒரே பாடலில் நிறுத்தியதுதான் இதன் வலிமை. பில்கிஸ் பகுதி தன்மையில் அமைந்தது. அவர் தன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறார். செய்தித்தாளில் 'பாதிக்கப்பட்டவர்' என்று வாசிக்கப் பழகியவருக்கு ஒரு முழுப் பெயர் காதில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சி கொஞ்சமல்ல. மெட்டில் ஆத்திரம் இல்லை. புல்லே ஷாவைப் பாடிய அதே தாழ்ந்த குரல், விவரத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கேள்விக்குத் திரும்புகிறது.

நாட்டார் கதைப்பாடல் மரபில் இது புதிதல்ல. அநியாயமாகச் செத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பாடுவது தமிழ்நாட்டிலும் உண்டு. காத்தவராயனும் முத்துப்பட்டனும் அப்படித்தான் பாட்டில் நிலைத்தார்கள். அந்தக் கதைகளில் செத்தவர்கள் தெய்வமாகிவிடுவார்கள். ரப்பியின் பாடலில் அந்த ஆறுதல் கிடையாது.

'புல்லா கீ ஜாணா' சென்ற தூரத்துக்கு 'பில்கிஸ்' செல்லவில்லை. விழாவில் சேர்ந்து பாடும் பாடல் அல்ல அது. ஆனால் அந்தத் தொகுப்பு 'கராச்சி வாலியே' போன்ற இலகுவான காதல் பாடல்களையும் கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். அரசியல் பாடகர் என்ற ஒற்றைச் சட்டைக்குள் ரப்பியை நுழைப்பது சரியாக வராது.

திரைப்பாடல்களும் மூன்றாம் தொகுப்பும்

2012-ல் '3' என்ற மூன்றாவது தொகுப்பு யுனிவர்சல் மியூசிக் வழியாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான, யஷ் சோப்ராவின் கடைசிப் படமான 'ஜப் தக் ஹை ஜான்' திரைப்படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில், குல்சார் வரிகளில் 'சல்லா' பாடலைப் பாடினார். சல்லா (மோதிரம்) என்பதும் ஜுக்னி போலப் பஞ்சாபி நாட்டார் வகையே. லண்டன் தெருவில் கிதாரோடு பாடும் ஷாருக் கானுக்குப் பின்னணியாக ஒலித்தது ரப்பியின் குரல். அடுத்த ஆண்டு தனுஷ் நடித்த 'ராஞ்சணா' படத்தில் 'தூ முன் ஷுதீ' பாடலை ரகுமானுடன் இணைந்து பாடினார். இந்தப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரில் வந்தது. ரகுமானும் திரையிசைக்கு வருமுன் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர் என்பது பலருக்கு நினைவிருக்காது.

ரகுமான் திரையிசைக்குள் நுழைந்து அதையே மாற்றியமைத்தார். ரப்பி விருந்தாளியாக வந்து பாடிவிட்டுப் போனார். முதல் எட்டு ஆண்டுகளில் மூன்று இசைத்தொகுப்புகள் மட்டுமே தந்தார் என்பதை மெத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. பின்னணிப் பாடகராகத் தொடர்ந்திருந்தால் இதற்குள் நூறு பாடல்கள் பாடியிருப்பார் என்பது உண்மைதான். அந்த நூறில் 'பில்கிஸ்' இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

பில்கிஸ் பானு வழக்கில் 11 பேருக்கு மும்பை சிறப்பு நீதிமன்றம் 2008 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதித்தது. பாடல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு தண்டனையைக் குறைத்து அவர்களை விடுவித்தது. 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. அவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பினர்.